கடனை அடைக்க உலகம் சுற்றியவர்



மார்க் ட்வைன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வெள்ளை கோட்டு, கலைந்த நரைமுடி, அடர்ந்த மீசை. வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும் பொன்மொழிகள் பலவற்றின் கீழே அவர் பெயர் இருக்கும். அவற்றில் நிறைய அவர் சொன்னதே இல்லை. அதனால், அவர் சொன்னதாக ஒரு வரியைக்கூட இங்கே எடுத்துப் போடப் போவதில்லை. அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறவன். எழுத்தாளரைப் பற்றி எழுத இவனுக்கு என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். நான் ட்வைனிடம் போய்ச் சேர்ந்தது கதை வழியாக இல்லை, ஒரு இயந்திரம் வழியாக. தோற்றுப்போன இயந்திரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, 18,000 பாகங்கள் கொண்ட ஓர் அச்சுக்கோக்கும் இயந்திரம் கண்ணில் பட்டது. அதில் பணத்தைக் கொட்டி ஏமாந்தவர் யார் என்று பார்த்தால், டாம் சாயர் கதையை எழுதிய அதே மனிதர்! அதற்குப் பிறகு அவர் செய்ததைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆற்றங்கரைப் பையன்

அவருடைய உண்மையான பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமன்ஸ். 1835 நவம்பர் 30ஆம் தேதி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஃபுளோரிடா என்ற சின்ன கிராமத்தில் குறைமாதத்தில் பிறந்தார். ஹாலி வால்நட்சத்திரம் வானத்தில் தெரிந்த சமயம் அது. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில் வேண்டியிருக்கும்.

நான்கு வயதில் குடும்பம் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த ஹானிபல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா சட்டம் தெரிந்தவர், நேர்மையானவர். ஆனால் தொழிலில் தொட்டதெல்லாம் நஷ்டம். கடனில் சிக்கி நொடித்துப்போய், 1847இல் இறந்துவிட்டார். சாமுக்கு அப்போது 11 வயது. கொஞ்ச நாளில் பள்ளியை விட்டு அச்சுக்கூடத்தில் வேலை பழகப் போனான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாக அடுக்குவதுதான் வேலை. பிற்காலத்தில் அவரைக் கவிழ்த்தது இதே வேலைதான். அந்தக் கதை பிறகு.

மிசௌரி அப்போது அடிமை முறை இருந்த மாநிலம். சாமின் வீட்டிலும் அடிமைகள் இருந்திருக்கிறார்கள். சித்தப்பா ஜான் குவார்ல்ஸின் பண்ணையில் டேனியல் என்ற நடுவயது அடிமை ஒருவர் இருந்தார். கோடை விடுமுறையில் அங்கே போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் கதை சொல்லுவார், புத்தி சொல்லுவார். ஊரில் பள்ளியோ தேவாலயமோ, யாருமே அடிமை முறை தப்பு என்று சொல்லவில்லை. பெரியவர்கள் சரி என்றார்கள், பிள்ளைகளும் சரி என்று நம்பினார்கள். சாமும் அப்படித்தான் வளர்ந்தான். பல வருடங்கள் கழித்து 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் வரும் ஜிம் என்ற பாத்திரத்தை அவர் உருவாக்கியது அந்த டேனியலை மனதில் வைத்துத்தான்.

இரண்டாவது குறி

17 வயதில் ஊரை விட்டுக் கிளம்பியவர் செயின்ட் லூயிஸ், நியூயார்க், பிலடெல்பியா என்று அச்சுக்கோத்துப் பிழைத்தார். 1857இல் நீராவிக் கப்பலில் பைலட் வேலை கற்கச் சேர்ந்தார். ஹோரஸ் பிக்ஸ்பி என்பவர்தான் குரு. கூலி 500 டாலர். மிசிசிப்பி ஓர் இடத்தில் நிற்கிற ஆறு இல்லை. மணல்மேடுகள் நகரும், கரை இடியும், போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் தரை தட்டும். நூற்றுக்கணக்கான மைல் ஆற்றை இரவிலும் பகலிலும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 1859இல் லைசென்ஸ் கிடைத்தது.

அதற்கு முன்பே ஒரு பெரிய அடி. தம்பி ஹென்ரிக்குக் கப்பலில் வேலை வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். 1858 ஜூனில் அந்த 'பென்சில்வேனியா' கப்பலின் கொதிகலன் வெடித்தது. சில நாட்களுக்கு முன்பு வரை அதே கப்பலில் இருந்த சாம், ஒரு தகராறால் வேறு கப்பலுக்கு மாறியிருந்தார். தீக்காயங்களோடு கிடந்த ஹென்ரி, அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே உயிரை விட்டான். தம்பியைச் சாவுக்கு அனுப்பியது நான்தான் என்ற எண்ணம் ஆயுள் முழுக்க அவரை விடவில்லை. சில கடன்களை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது, இல்லையா?

1861இல் உள்நாட்டுப் போர் வந்து ஆற்றுப் போக்குவரத்து நின்றது. அண்ணன் ஓரியனோடு மேற்கே நெவாடாவுக்குப் போனார். வெள்ளிச் சுரங்கத்தில் பணக்காரனாகிவிடலாம் என்று மண் தோண்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார். 1863 பிப்ரவரியில் முதல் முறையாக 'மார்க் ட்வைன்' என்று கையெழுத்துப் போட்டார். அது கப்பல்காரர்களின் சொல். ஆழம் பார்க்கும் கயிற்றில் இரண்டாவது குறி, அதாவது 12 அடி. அவ்வளவு தண்ணீர் இருந்தால் கப்பல் தரை தட்டாது, பயமில்லாமல் போகலாம். அந்தப் பெயர் வைத்தவர் வாழ்க்கையில் எத்தனை முறை தரை தட்டினார் என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

மேலே போன வருடங்கள்

1869இல் வந்த பயண நூல் அவரை நாடறிந்தவராக்கியது. 1870இல் ஒலிவியா லாங்டனைக் கல்யாணம் செய்தார். லிவி என்று கூப்பிடுவார். முதல் குழந்தை, ஆண் குழந்தை, 19 மாதத்தில் தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டது. பிறகு சூசி, கிளாரா, ஜீன் என்று மூன்று பெண்கள். ஹார்ட்ஃபோர்டு நகரில் பெரிய வீடு. 1876இல் 'டாம் சாயர்', 1885இல் அமெரிக்காவில் 'ஹக்கிள்பெரி ஃபின்'.

அதே 1885இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று எல்லாருக்கும் தெரியும். முன்னாள் அதிபர் கிராண்ட், பணத்தையெல்லாம் இழந்து, தொண்டைப் புற்றுநோயோடு தன் நினைவுகளை எழுதிக்கொண்டிருந்தார். மற்ற பதிப்பாளர் கொடுக்க வந்த தொகை அநியாயம் என்று நினைத்த ட்வைன், லாபத்தில் பெரும்பங்கு தருவதாகச் சொல்லித் தன் சொந்தப் பதிப்பகத்தில் வெளியிட்டார். கிராண்ட் இறந்த பிறகு அவர் மனைவிக்குப் போன முதல் காசோலை மட்டும் 200,000 டாலர்.

இன்னொன்று சத்தமில்லாமல் நடந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த வார்னர் மெக்கின் என்ற கறுப்பின மாணவர், பகுதிநேர வேலை செய்து கஷ்டப்பட்டுப் படிப்பதைத் தெரிந்துகொண்டார் ட்வைன். அவருடைய சாப்பாடு, தங்கும் செலவைத் தானே ஏற்றார். இதைத் தர்மம் என்று அவர் நினைக்கவில்லை. இந்த மக்களை இப்படி ஆக்கியவர்கள் நாங்கள், அந்த வெட்கம் எங்களுடையது, விலையும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் கல்லூரி டீனுக்குக் கடிதம் எழுதினார். மெக்கின் பிறகு பால்டிமோரில் பெயர் பெற்ற வழக்கறிஞரானார். அங்கே அவரிடம் வழிகாட்டுதல் பெற்ற இளைஞர்தான் தர்குட் மார்ஷல். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர்!

18,000 பாகங்கள்

இப்போ என் சப்ஜெக்டுக்கு வருகிறேன்.

ட்வைனுக்குப் புது இயந்திரம் என்றால் பைத்தியம். அவர் பெயரிலேயே மூன்று காப்புரிமைகள் உண்டு. அதில் தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப் புத்தகம் நன்றாக விற்றது. 1880இல் ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் செய்துகொண்டிருந்த அச்சுக்கோக்கும் இயந்திரத்தில் பணம் போட ஆரம்பித்தார். சின்ன வயதில் கைவலிக்கச் செய்த வேலையை இயந்திரம் செய்வதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? 1889 ஜனவரியில் அது ஒரு வரியைச் சரியாக அடுக்கிக் காட்டியபோது, மனிதன் கண்டுபிடித்ததிலேயே பெரியது இதுதான் என்ற அளவுக்குச் சந்தோஷப்பட்டுக் கடிதம் எழுதினார்.

பிரச்சினை எங்கே என்றால், பெய்ஜின் இயந்திரம் மனிதக் கை செய்வதையெல்லாம் அப்படியே செய்யப் பார்த்தது. ஈய எழுத்தைப் பொறுக்க வேண்டும், அடுக்க வேண்டும், வரியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும், அச்சடித்த பிறகு எழுத்துகளைப் பிரித்துத் திரும்ப அதனதன் இடத்தில் போட வேண்டும். அதுக்குத்தான் 18,000 பாகங்கள். ஒவ்வொரு பாகமும் 99.99 சதவீதம் நம்பகமானது என்று வைத்துக்கொண்டு கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 18,000 பாகங்களும் ஒரே நேரத்தில் ஒழுங்காக வேலை செய்ய வாய்ப்பு ஏறக்குறைய 17 சதவீதம்தான்! ஓடும்போது அற்புதமாக ஓடும், ஆனால் அடிக்கடி நிற்கும். பெய்ஜோ அதைப் பிரித்துப் பிரித்து மேம்படுத்திக்கொண்டே இருந்தார்.

அதற்குள் மெர்கென்தாலர் என்பவரின் லைனோடைப் 1886இலேயே நியூயார்க்கில் ஒரு நாளிதழில் ஓட ஆரம்பித்துவிட்டது. அது கையைக் காப்பியடிக்கவில்லை. எழுத்துகளின் வார்ப்பு அச்சுகளை வரிசைப்படுத்தி, உருகிய உலோகத்தை ஊற்றி, ஒரு முழு வரியையே வார்த்தெடுத்தது. வேலை முடிந்ததும் அந்த உலோகத்தை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஈய எழுத்தைப் பிரித்துப் போடும் வேலையே கிடையாது. எங்கள் விரிவுரையாளர்கள் சொல்லும் பாடம் இதுதான்: பழைய வேலைமுறையைப் பார்க்காதே, தேவையைப் பார்.

1894இல் சிகாகோவில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பெய்ஜ் இயந்திரத்தைச் சோதித்தார்கள். தோல்வி. ட்வைன் அதில் விட்டது சுமார் 300,000 டாலர். அந்த ஆண்டு ஏப்ரலில் அவருடைய பதிப்பகமும் திவாலானது. 1893இல் வந்த பொருளாதார நெருக்கடி கடைசி உதை. ஏறத்தாழ 100 பேருக்கு, சுமார் 100,000 டாலர் கடன். அவருக்கு வயது 58.

சட்டம் விட்டது, அவர் விடவில்லை

நண்பர்களே, இங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது.

திவால் சட்டப்படி இருப்பதைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு விலகியிருக்கலாம். யாரும் கேட்க முடியாது. லிவி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு டாலருக்கு ஒரு டாலர், முழுசாகக் கொடுக்கணும் என்றார். ட்வைனின் எண்ணமும் அதுதான். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஹென்ரி ரோஜர்ஸ் என்ற நண்பர் கணக்கு வழக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டார். ட்வைனின் புத்தக உரிமைகள் லிவியின் பெயருக்கு மாறி, விற்கப்படாமல் தப்பின. நல்ல மனைவியும் நல்ல நண்பரும் இல்லையென்றால் அவர் எழுந்திருக்கவே முடியாது என்பது என் கருத்து.

1895 ஜூலையில், காலில் சீழ்க்கட்டியோடு, உலகச் சொற்பொழிவுப் பயணம் கிளம்பினார். லிவியும் கிளாராவும் கூடப் போனார்கள். சூசியும் ஜீனும் அமெரிக்காவிலேயே தங்கினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று ஒரு வருடம், 100க்கும் மேற்பட்ட கூட்டங்கள். மேடையில் சனங்களைச் சிரிக்க வைத்துவிட்டு, அறைக்கு வந்து இருமலோடு படுப்பார்.

1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கியபோது, தெருவில் நடந்த மக்களின் உடை நிறங்களைப் பார்த்து மயங்கிப்போனார். அதே தெருவில் மிஷன் பள்ளிப் பெண்பிள்ளைகள் ஐரோப்பிய உடையில் வரிசையாக வர, அந்த அழகுக்கு நடுவே இது என்ன அவலட்சணம் என்று எழுதினார். பிறகு தன் சொந்த உடையையே பார்த்து வெட்கப்பட்டார்.

பம்பாயில் நடந்தது வேறு. அவருடைய விடுதி அறையில் ஒரு ஜெர்மானியர், ஏதோ சின்னத் தவறுக்காக இந்திய வேலைக்காரரைக் கன்னத்தில் அறைந்தார். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். அந்த ஒரு நொடியில் ட்வைன் ஹானிபலுக்குப் போய்விட்டார். ஓர் அடிமையை, அற்பக் காரணத்துக்காக ஒருவன் இரும்புத்தாதுக் கட்டியை எறிந்து கொன்றதைப் பத்து வயதில் பார்த்தது, ஐம்பது வருடம் கழித்து பம்பாயில் நினைவுக்கு வந்தது. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: பணக்கடனை அடைக்க வந்த மனிதர், வந்த இடத்தில் இன்னொரு கடன் பாக்கி இருப்பதைப் பார்த்துவிட்டார்.

காசியைப் பற்றி அவர் எழுதியதில் கிண்டல் நிறைய. நமக்குச் சில இடங்களில் கோபம்கூட வரலாம். ஆனால் அங்கே சுவாமி பாஸ்கரானந்த சரஸ்வதியைச் சந்தித்தபோது கிண்டல் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் துறந்து உட்கார்ந்திருந்த அந்தத் துறவியை மனதார மதித்தார். சுவாமி தன் நூலைக் கொடுக்க, ட்வைன் தன் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலைக் கொடுத்தார். எல்லாவற்றையும் விட்டவரும் எல்லாவற்றையும் இழந்தவரும் எதிரெதிரே உட்கார்ந்த காட்சியை நினைத்துப் பாருங்கள்!

பயணம் முடிந்து 1896 ஜூலைக் கடைசியில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். சூசிக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. லிவியும் கிளாராவும் உடனே கப்பல் ஏறினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, ஆகஸ்ட் 18ஆம் தேதி, சூசி மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். 24 வயது. ஹார்ட்ஃபோர்டின் அந்த வீட்டில்தான் உயிர் பிரிந்தது. இங்கிலாந்தில் தனியாக இருந்த அப்பாவுக்குத் தந்தி வந்தது. அந்தக் குடும்பம் மறுபடி அந்த வீட்டில் குடியிருக்கவே இல்லை.

அந்தத் துக்கத்தோடுதான் பயண நூலை எழுதி முடித்தார். 1897இல் புத்தகம் வந்தது. 1898 தொடக்கத்தில் கடைசிக் கடனும் தீர்ந்தது. ஒரு காசு பாக்கியில்லை.

கடன் என்ற சொல்

நம்ம ஊரா இருந்தா இப்படி ஒருத்தருக்கு அரிச்சந்திரன்னு பேர் வச்சிருப்போம். ட்வைன் அரிச்சந்திரன் இல்லை. பெய்ஜையும் பதிப்பகத்தை நடத்திய வெப்ஸ்டரையும் சாகிறவரை திட்டினார். கண்ணை மூடிக்கொண்டு பணத்தைப் போட்டது அவர்தான். மகளின் கடைசி நாளில் பக்கத்தில் இருக்க முடியாமல் போனதை எந்தப் பணமும் ஈடுகட்டவில்லை. கடனை அடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் வாழ்க்கை சொல்லவில்லை. ஆனாலும் அடைத்தார்.

1900இல் தாய்நாடு திரும்பியபோது ஒரு வீரனைப் போல வரவேற்றார்கள். அந்தப் புகழைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொள்ளவில்லை. நமக்குப் பக்கத்து நாடான பிலிப்பீன்சில் அமெரிக்கா நடத்திய போரை வெளிப்படையாக எதிர்த்தார். ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் துணைத் தலைவர்களில் ஒருவராக 1901 முதல் இறக்கும்வரை இருந்தார். காங்கோ மக்களைப் பெல்ஜிய மன்னர் வதைத்ததைக் கண்டித்து 1905இல் ஒரு நூல் எழுதினார். 1904இல் லிவி, 1909 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஜீன் என்று இழப்புகள் தொடர்ந்தன. 1910 ஏப்ரல் 21ஆம் தேதி அவர் கண்ணை மூடியபோது ஹாலி வால்நட்சத்திரம் திரும்பி வந்திருந்தது. அதோடு வந்தேன், அதோடு போவேன் என்று முந்தின வருடமே சொல்லியிருந்தாராம் மனுஷன்!

நம்மில் பலர் கல்விக் கடனில்தான் படிக்கிறோம். மாமாக் கடையில் உட்கார்ந்தால், கட்டாமல் விட்டால் என்ன ஆகும், சலுகை எப்ப வரும் என்ற பேச்சு வராத நாள் கிடையாது. கஷ்டப்படுகிறவர் சலுகை கேட்பதில் தப்பே இல்லை, அதற்குத்தான் சட்டம் இருக்கிறது. நான் யோசிப்பது வேறு. தமிழில் கடன் என்றால் வாங்கிய பணம் மட்டும் இல்லை, செய்ய வேண்டிய கடமையும் கடன்தான். பிதுர்க்கடன் என்று நாம் சொல்வதை எந்த வங்கியும் வசூலிக்க வராது. ட்வைனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களையும் அவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். 100 பேருக்குத் தர வேண்டியதைப் பணமாகத் தந்தார். டேனியலுக்குத் தர வேண்டியதை, டேனியலுக்கே தர முடியாமல் போனதால், மெக்கினுக்குத் தந்தார்.

நம்மைத் தூக்கிவிட்டவர்களில் பலருக்கு நேரடியாகத் திருப்பித் தர முடியாது. சிலர் இப்போது உயிரோடும் இல்லை. அடுத்து வருகிற தம்பி தங்கைகளில் யாருக்கு அதைத் தரப் போகிறோம்? யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்தான். ட்வைனிடமும் யாரும் கேட்கவில்லை.